கேஸா, கரண்டா: திருத்தணி அடுப்படியின் கணக்கு

திருத்தணியில் இருக்கும் அக்காவுக்கும் நகரியில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்கும் நடுவே அரை மணி நேர பஸ் பயணம்தான். இரண்டு வீட்டிலும் அதே பருப்பு, அதே கோங்கூரா, தணலில் சுட்டுப் பிசைந்த அதே கத்திரிக்காய்ப் பச்சடி. பேச்சிலும் தமிழும் தெலுங்கும் கலந்தே வரும். ஆனால் அடுப்படியை இடித்துக் கட்டும்போது அக்காவுக்குப் பொருந்தும் யோசனை தங்கைக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் 2016 மே மாதத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். ஆந்திரத்தில் 2024 தீபாவளியை ஒட்டித் தொடங்கிய தீபம்-2 திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு மூன்று சிலிண்டர் இலவசம். ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அன்று போட்ட கோடு இன்று இரண்டு வீட்டு அடுப்பையும் பிரித்து வைத்திருக்கிறது.

கேஸா, கரண்டா என்ற கேள்வி இப்போது ஊரில் அடிக்கடி எழுகிறது. பழைய மேடையை உடைத்து கிரானைட் போடுகிறார்கள். மாடுலர் கிச்சன் வருகிறது. மேடையில் பதிக்கும் ஹாப், அலமாரிக்குள் பொருத்தும் ஓவன் எல்லாம் சென்னையிலிருந்து வேனில் வந்து இறங்குகின்றன. முன்பே கேஸ் ஓவன் பதித்த வீடுகளில் அது துருவேறி, மாற்றும் கட்டத்துக்கு வந்துவிட்டது. கடைக்காரர் கரண்டுதான் நல்லது என்கிறார். வீட்டுப் பெரியவர்கள் கேஸை விடாதே என்கிறார்கள். எலெக்ட்ரீசியன் வந்து சுவிட்ச் போர்டைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த வயர் தாங்காது என்கிறார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லாததால்தான் குழப்பம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவன் வேறு, அடுப்பு வேறு. ஓவனை மாற்றுகிறவர்கள் தயங்காமல் கரண்டுக்குப் போகலாம். அன்றாட அடுப்புக்கு விடை அவரவர் வீட்டு மின்கட்டண ரசீதில் இருக்கிறது. அந்த ரசீதில் அரசு போட்டு வைத்திருக்கும் ஒரு முடிச்சு, கரண்டுக்கு மாற நினைக்கும் குடும்பங்களைத் தடுக்கிறது. அதை அவிழ்க்க வேண்டியது அரசின் பொறுப்பு.

ஓவனை முதலில் பார்ப்போம். கேஸ் ஓவனில் தீ அடியில் எரிகிறது. அடி கருகி மேல்பக்கம் வெளுத்து நிற்கும் கேக்கைப் பார்த்தவர்களுக்கு அதன் குறை தெரியும். எல்பிஜி எரியும்போது நீராவியும் உண்டாகும் என்பதால் உள்ளே ஈரம் சேர்கிறது. பிஸ்கட் மொறுமொறுப்பாக வராது. கரண்ட் ஓவனில் மேலும் கீழும் கம்பிச்சுருள், சூட்டை அளந்து நிறுத்தும் தெர்மோஸ்டாட், சூட்டைப் பரப்பும் விசிறி எல்லாம் இருக்கின்றன. வைத்த சூடு வைத்தபடி நிற்கும்.

ஓவனில் செலவை ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2,000 வாட் ஓவன் என்றாலும், சூடேறியபின் தெர்மோஸ்டாட் அதை விட்டுவிட்டுத்தான் ஓட்டும். ஒரு கேக்குக்கு முக்கால் மணி நேரம் ஓடினால் ஒன்று, ஒன்றரை யூனிட் ஆகும். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பின் உச்ச விகிதத்தில் கணக்கிட்டாலும் இருபது ரூபாய்க்குள். வாரம் இரண்டு முறை பயன்படுத்தும் வீட்டில் மாதம் பத்துப் பன்னிரண்டு யூனிட். இதற்காகக் கேஸ் ஓவனைத் தேடி அலைவதில் பொருளில்லை. அதோடு, மூடிய பெட்டிக்குள் தீ அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தால் வெளியே தெரியாது. தீ அணைந்ததும் தானாகவே கேஸை அடைக்கும் வால்வு இல்லாத பழைய கேஸ் ஓவன் யார் வீட்டிலாவது இருந்தால், மாற்றும்வரை அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

எலெக்ட்ரீசியன் சொன்ன வயர் விஷயத்தைத்தான் பலர் காதில் போட்டுக்கொள்வதில்லை. மிக்சியும் கிரைண்டரும் ஓடுவதற்காக இழுத்த மெல்லிய வயரில் ஓவனை மாட்டினால் பிளக் இளகி, சுவர் கருகும். ஓவனுக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் வேண்டும். தனி எம்சிபி, 16 ஆம்ப் பிளக், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், ஒழுங்கான எர்த் வேண்டும். கசிவு வந்தால் நிறுத்தும் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் இதோடு அதையும் போட்டுவிடுங்கள். கேபினட் அடிப்பதற்கு முன்பே இந்த வேலை முடிய வேண்டும். தச்சர் போனபின் சுவரை வெட்டினால் செலவு இரட்டிப்பாகும். வீட்டில் ஏசியும் ஹீட்டரும் ஏற்கெனவே இருந்தால், இணைப்பில் அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்று பார்த்து, போதாவிட்டால் ஈபி ஆபீசில் கூட்டிக் கேட்க வேண்டும்.

லோ வோல்டேஜ் வரும் தெருவாக இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 230 வோல்ட்டுக்குச் செய்த ஹீட்டருக்கு 180 வோல்ட் மட்டும் வந்தால், அதன் சூடு ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடும். வோல்டேஜ் குறைவதைவிட வேகமாகச் சூடு குறையும் என்பது இயற்பியல். மாலை ஏழு மணிக்குக் கேக் வேகவில்லை என்றால் ஓவனைக் குறை சொல்லாதீர்கள். அதே கேக்கைப் பகல் பதினொரு மணிக்கு வைத்துப் பாருங்கள்.

பேக்கரிக்காரர்களின் நிலை வேறு. மும்பையில் விறகிலும் கரியிலும் ஓடும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் மாசில்லாத எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படியொரு உத்தரவு நாளை இங்கே வந்தால் நம் பஸ் நிலையத்து டீக்கடை பேக்கரி என்ன செய்யும்? 19 கிலோ வணிக சிலிண்டர் 2024, 2025 ஆண்டுகளில் சென்னையில் 1,700 ரூபாய்க்கும் 2,000 ரூபாய்க்கும் இடையே ஏறி இறங்கியது. கடை மின்சாரம் யூனிட் பத்து ரூபாயைச் சுற்றி நிற்கிறது. எரிபொருள் செலவு ஏறக்குறைய சமம். ஆனால் கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று கடை மூடியிருக்கும் நாளுக்கும் சேர்த்துக் கட்டும் நிலைக் கட்டணம் கரண்ட் பக்கம்தான் இருக்கிறது. சின்னக் கடைக்காரர் கேஸிலேயே நிற்பதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

இனி அன்றாட அடுப்பு. இங்கே பணம்தான் பெரிய விஷயம். கணக்கை நிதானமாகப் போட வேண்டும்.

ஒரு கிலோ எல்பிஜியில் ஏறக்குறைய 46 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது மின்சாரக் கணக்கில் 181 யூனிட். இதெல்லாம் பாத்திரத்துக்குப் போய்ச் சேராது. வீட்டு கேஸ் அடுப்பு குறைந்தது 68 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பர்னரில் பால் பொங்கி அடைத்துக்கொண்டபின் அதுவும் குறையும். பக்கவாட்டில் ஓடி வீணாகும் சூட்டில்தான் சமையல் செய்பவர் வியர்த்து நனைகிறார். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரமே சூடாவதால் 85 சதவீதம் வரை பயன்படும். கூட்டிக் கழித்தால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷன் 140 யூனிட்டில் செய்துவிடும்.

2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியபோது சென்னையில் சிலிண்டர் விலை 868 ரூபாய் 50 காசு ஆனது. அதை 140-ஆல் வகுத்தால் 6 ரூபாய் 20 காசு. நினைவில் வைக்க வேண்டிய எண் இது ஒன்றுதான். சமையலுக்காகக் கூடுதலாக ஏறும் யூனிட் இதைவிட மலிவாகக் கிடைத்தால் கரண்ட் லாபம். அந்த யூனிட் இதைவிட விலை கூடினால் கேஸ் லாபம். சிலிண்டர் விலை மாறினால் நீங்களே மறுபடி வகுத்துக்கொள்ளலாம்.

2024 ஜூலை மின்கட்டண உயர்வுக்குப் பின் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வரும் பில்லில் முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட் 2 ரூபாய் 35 காசு. 400 வரை 4.70. 500 வரை 6.30. அதற்குமேல் 8.40-இல் தொடங்கி, 1,000 யூனிட்டைத் தாண்டினால் 11.55 வரை போகும்.

இரண்டு மாதத்தில் 180 யூனிட் ஓட்டும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மின்விசிறி, டிவி, ஃபிரிட்ஜ், மிக்சி அவ்வளவுதான். இவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர் ஆகிறது. அந்தச் சமையல் முழுவதையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் 320 யூனிட் ஆகும். கூடுதல் பில் 611 ரூபாய். மிச்சம் 250 ரூபாய்க்கு மேல். இன்னும் சிறிய வீடு, 60 யூனிட்தான் ஓடுகிறது என்றால், சமையலைச் சேர்த்தாலும் 200-ஐத் தாண்டாது. மொத்த பில்லே 235 ரூபாய். 300 ரூபாய் மானியத்தில் உஜ்வாலா சிலிண்டர் வாங்கும் குடும்பத்துக்குக்கூட இது மலிவு. ஏழைக் குடும்பத்துக்கு இண்டக்‌ஷன் ஆடம்பரம் என்ற நினைப்பு நம்மில் ஊறியிருக்கிறது. இந்தக் கணக்கு அதைப் பொய்யாக்குகிறது.

ஏசி உள்ள வீட்டுக்கு வருவோம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது. பில் 1,175 ரூபாய். சமையலைக் கரண்டுக்கு மாற்றினால் 540 யூனிட். பில் 2,376 ரூபாய். 868 ரூபாய் சிலிண்டரை விட்டுவிட்டு 1,201 ரூபாய் கட்டுகிறார்கள். பாதிச் சமையலை மட்டும் மாற்றினால் 470 யூனிட்டில் நின்று, செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி வருகிறது. ஆக, முழுக்க மாறுவது நஷ்டம், பாதி மாறுவது பாதகமில்லை.

மேலே சொன்ன முடிச்சு இந்த இடத்தில்தான் இருக்கிறது. 500 யூனிட் ஓட்டிய வீட்டின் பில் 1,805 ரூபாய். 501 யூனிட் ஓட்டிய வீட்டின் பில் 2,048 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். 500-ஐத் தாண்டியவுடன் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கொடுத்த பாதி விலைச் சலுகையைத் திரும்பப் பறித்துக்கொள்வதால் வருகிற வித்தியாசம் இது. ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு நாள் தாமதமாக வந்தாலே 490-இல் நின்ற வீடு 500-ஐத் தாண்டிவிடும். வசதியுள்ளவர் அதிகம் கட்டட்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. ஆனால் சமையலைக் கரண்டுக்கு மாற்றிய நடுத்தரக் குடும்பமும் இந்த வேலியில் மாட்டிக்கொள்கிறது. கேஸில் சமைத்து 400-இல் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர் அதே வசதிக்காரர்தான். அவருக்கு இந்தத் தண்டனை இல்லை.

வெயில் இந்தக் கணக்கை இன்னும் இறுக்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில் வானிலை ஆய்வு மையம் சொல்லும் 40 டிகிரி தாண்டிய ஊர்களில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வரும். அந்த மாதங்களில் ஏசி, ஏர்கூலர், இரவெல்லாம் மின்விசிறி என்று எந்த வீடும் எளிதில் மேலே ஏறிவிடும். அதனால் இந்த ஊருக்கு நான் சொல்லும் வழி பருவத்தைப் பொறுத்தது. ஐப்பசி தொடங்கி மாசி வரை, மின்சாரச் செலவு குறைவாக இருக்கும்போது, சோறு, பருப்பு, பால், வெந்நீர் எல்லாம் இண்டக்‌ஷனில் ஆகட்டும். பங்குனி பிறந்து ஏசி ஓடத் தொடங்கியதும் கேஸுக்குத் திரும்புங்கள்.

நகரித் தங்கையின் கணக்கு வேறு. ஆந்திரத்தில் மாதந்தோறும் ரீடிங். மாதம் 126 முதல் 225 யூனிட் வரை 6 ரூபாய், 225-ஐத் தாண்டினால் 8 ரூபாய் 75 காசு. இலவச யூனிட் எல்லா வீட்டுக்கும் கிடையாது. நடுத்தர அளவு ஓட்டும் வீட்டுக்குக் கரண்டில் மிச்சம் என்று சொல்ல எதுவுமில்லை. மூன்று இலவச சிலிண்டருக்குத் தகுதி இருந்துவிட்டால் கேஸை விட்டு நகரவே தேவையில்லை. திருத்தணிக் கடையில் அக்கா வாங்கினாள் என்று தங்கையும் இண்டக்‌ஷன் வாங்க வேண்டாம்.

பணத்தைத் தாண்டியும் சில விஷயங்கள் இருக்கின்றன. இண்டக்‌ஷனில் காந்தம் ஒட்டும் அடி உள்ள பாத்திரம்தான் வேலை செய்யும். அலுமினிய இட்லிப் பானை, ஈயச்சொம்பு, பித்தளை உருளி, மண்சட்டி நான்கும் வெளியே நிற்கும். இரும்பு தோசைக்கல் சூடாகும். ஆனால் வருடக்கணக்கில் தீயில் கிடந்து நடு குழிந்த கல் கண்ணாடித் தட்டில் ஆடும், ஓரம் சூடேறாது, தோசை நடுவில் மட்டும் சிவக்கும். ஃபிரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பாத்திரம் ஒவ்வொன்றின் அடியிலும் வைத்துப் பாருங்கள். எத்தனை பாத்திரம் புதிதாக வாங்க வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும் என்று கடைக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும். எந்தப் பாத்திரமும் வைக்கலாம் என்று விற்கும் இன்ஃப்ராரெட் அடுப்பு உண்மையிலேயே எதையும் ஏற்கும். ஆனால் தட்டைச் சூடாக்கி அதன்வழியே பாத்திரத்தைச் சூடாக்குவதால் இண்டக்‌ஷன் அளவு சிக்கனம் அதில் கிடையாது. கத்திரிக்காய் சுடுவதற்கும் அப்பளம் சுடுவதற்கும் எரியும் தீதான் வேண்டும். இந்த வட்டாரத்தில் பச்சடி இல்லாமல் சாப்பாடு இறங்காது என்பதை மாடுலர் கிச்சன் வரைபடம் போடுபவர் அறிய மாட்டார்.

ஒன்றை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு நம் சொந்த அனுபவமே போதும். 2012-இல் சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால், சென்னைக்கு வெளியே பல ஊர்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டபோது, நாள்கணக்கில் இருட்டில் கிடந்த வீடுகளில் கேஸ் அடுப்புதான் சோறு வடித்தது. இலங்கைத் தமிழர்களைக் கேட்டால் இன்னும் கடுமையாகச் சொல்வார்கள். 2021 கடைசியில் அங்கே கேஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. சிலிண்டரில் புரோபேன், பியூட்டேன் கலவையை மாற்றியது காரணமாகப் பேசப்பட்டது. சில மாதங்களில் சிலிண்டரே கிடைக்காமல் போனது. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. கேஸும் இல்லை, கரண்டும் இல்லை. கொழும்பு அடுக்குமாடிகளில் இருந்தவர்கள்கூட விறகைத் தேடினார்கள்.

கேஸ் உள்நாட்டுச் சரக்கு என்ற எண்ணமும் தவறு. நாட்டுக்குத் தேவைப்படும் எல்பிஜியில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதிலும் பெரும்பங்கு வளைகுடா நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அங்கே ஒரு சண்டை மூண்டால் அதன் சூடு இங்கே தெரியும். நம் திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், எண்ணூர்க் கரையில், எல்பிஜி இறங்கும் முனையம் இருக்கிறது. அதே கரையில் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள் நிற்கின்றன. இரண்டின் புகையையும் மீனவக் குப்பங்கள் சுமக்கின்றன. அதன் பயனை இந்த மேற்குக் கோடியில் மலையடிவாரத்தில் இருந்துகொண்டு நாம் அனுபவிக்கிறோம். இதை மறந்துவிட்டுக் கரண்ட் சுத்தமானது என்று பேசுவது சரியில்லை. ஒரு சிலிண்டர் எரிந்தால் 42 கிலோ அளவு கரியமில வாயு வெளியாகிறது. அதே சமையலுக்கு 140 யூனிட் எடுத்தால், நிலக்கரி மிகுந்த நாட்டின் சராசரி மின்சாரத்தில் அது 100 கிலோவை நெருங்குகிறது. இன்றைய நிலையில் கேஸ்தான் குறைவு.

இந்த நிலையை மாற்றக்கூடியது கூரையில் விழும் வெயில். ஒரு கிலோவாட் சூரியத் தகடு நம் பகுதியில் நாளுக்கு நான்கு யூனிட் அளவு தரும். இரண்டு மாதத்தில் 240 யூனிட். ஒரு குடும்பத்தின் சமையலுக்கு அது போதும், மிச்சமும் இருக்கும். 2024-இல் வந்த பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய் மானியம், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். சொந்த மொட்டை மாடி இருக்கிறவர்கள் கிச்சன் மாற்றும்போதே இதையும் யோசிக்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன். நம்மை வாட்டும் சித்திரை வெயிலிலேயே பகல் சமையலை முடித்துக்கொள்ளலாம். 500 யூனிட் வேலியும் பெரும்பாலான வீடுகளைத் தொடாது.

கேஸை வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாடுலர் கிச்சனில் அழகுக்காக சிலிண்டரைக் கதவு போட்ட கேபினட்டுக்குள் ஒளித்து வைக்கிறார்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். அடைத்த கேபினட்டில் அது நிரம்பி நின்று, ஹாப்பில் தட்டும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். கதவின் அடியில் காற்றோட்டத் துளைகள் கட்டாயம் வேண்டும். கேபினட்டுக்குள் பிளக் பாயிண்ட் கூடாது. ரெகுலேட்டரை இரவில் மூடக் கை எளிதாக நுழைய வேண்டும். ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கேபினட்டுக்குப் பின்னால் மறைந்துபோன டியூபை யாரும் மாற்றுவதில்லை. வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

உடல்நலமும் இதில் உண்டு. கேஸ் அடுப்பிலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடு வருவது பழைய செய்தி. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, சில வீடுகளில் கேஸ் அடுப்பும் ஓவனும் எரியும்போது புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் கவலைப்படும் அளவுக்கு ஏறுவதைக் காட்டியது. நம் அடுப்படிகளில் ஜன்னல் திறந்திருப்பது ஒரு பாதுகாப்பு. ஏசி அறையோடு சேர்த்துக் கட்டிய திறந்த கிச்சனில் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. ஜன்னலை மூடித்தான் சமைப்பேன் என்கிறவர்கள் கேஸை விடுவதே மேல்.

இதில் அரசின் பங்கு பெரியது. தமிழ்நாட்டு அடுப்படியை அரசு தொடாமல் விட்டதில்லை. 2006-இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு இலவச கேஸ் அடுப்பும் இணைப்பும் கொடுத்தது. 2011-இல் வந்த அதிமுக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. அந்த இரண்டும் கோடிக்கணக்கான பெண்களின் முதுகு வலியையும் கண் எரிச்சலையும் குறைத்தன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2021 செப்டம்பரில் திருத்தணி முருகன் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கியதும் அரசின் முடிவுதான். அடுத்த அடியாக, சமையலுக்கு ஓடும் மின்சாரத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். தென் அமெரிக்காவின் ஈக்வடார் 2014-இல் கேஸ் அடுப்புகளை இண்டக்‌ஷனாக மாற்றும் பெரிய திட்டம் போட்டு, மாறிய வீடுகளுக்குச் சமையலுக்கென்றே மாதம் 80 யூனிட் வரை சலுகை கொடுத்தது. குறித்த இலக்கை அந்தத் திட்டம் எட்டவில்லை. கேஸை அடிமாட்டு விலைக்கு விற்றுக்கொண்டே கரண்டுக்கு வா என்றால் யார் வருவார்கள்? 2024-இல் வறட்சியால் அங்கே நீண்ட மின்வெட்டும் வந்தது. அவர்கள் கொடுத்த சலுகையை எடுத்துக்கொள்வோம், கேஸைக் கைவிடச் சொன்ன அவசரத்தை விட்டுவிடுவோம்.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அடுத்த கட்டண ஆணையிலேயே 500 யூனிட் வேலியை எடுக்க வேண்டும். 501-வது யூனிட்டுக்கு 501-வது யூனிட்டின் விலை மட்டும் போதும். கீழே கொடுத்த சலுகையில் கை வைக்கக் கூடாது. அதுவரை ரீடிங் தாமதமான நாள்களுக்கு ஏற்ப 500 என்ற எல்லையையும் கூட்டித் தர மின் பகிர்மானக் கழகத்துக்கு உத்தரவிட வேண்டும். எரிசக்திச் சேமிப்புக்கான ஒன்றிய அரசு நிறுவனமான ஈஈஎஸ்எல் 2023-இல் 20 லட்சம் இண்டக்‌ஷன் அடுப்புகள் வழங்கும் திட்டத்தை அறிவித்தது. 100 யூனிட்டுக்குள் நிற்கும் குடும்பங்களுக்கு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியே அப்படியான அடுப்புகளைத் தமிழக அரசு கொண்டுசேர்க்கட்டும். அவர்களுக்குத்தான் மிச்சம் அதிகம், அவர்களிடம்தான் அதை வாங்க முதல் இல்லை.

கிச்சன் மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகும் முன் கடந்த ஓர் ஆண்டின் ஆறு மின்கட்டண ரசீதுகளையும் எடுத்து வரிசையாக வையுங்கள். ஆறும் 350 யூனிட்டுக்குள் இருந்தால் அன்றாடச் சமையலைக் கரண்டுக்கு மாற்றுங்கள். நான்கு 350-க்குள்ளும் கோடையின் இரண்டு மட்டும் அதற்கு மேலும் இருந்தால் இரண்டு பர்னர் கேஸ், ஒரு இண்டக்‌ஷன் என்று மேடையைப் பிரியுங்கள். எல்லாமே 400-க்கு மேல் என்றால், கூரையில் தகடு போடும்வரை அடுப்பு கேஸாகவே இருக்கட்டும். எந்த வீடாக இருந்தாலும் கேஸ் இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்; ஒரு சிலிண்டர் நிரம்பியபடி இருக்கட்டும். ஓவன் மட்டும் எல்லா வீட்டிலும் கரண்டில் ஓடட்டும். அதற்கு முதலில் தனி லைன் இழுங்கள்.